உப்புத்துறையில் கடைசி இரவு

சோதிநாதன், ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறுமுன் இதைப் படி.
பகலில் வராதே.
ஹைல்ப்ரோனில் பகல் ஆறு நாய்களுக்கானது,
ஒவ்வொன்றும் இரைப்பெட்டிக்குள் மூக்கை விடும்.
ஏழே முக்காலுக்கு வா. திராட்சைச் சரிவின் மேல்
வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று
நமக்குச் சந்தேகம் வரும் நேரம்.
சாண்டருக்கு அந்தச் சந்தேகம் கிடையாது.
டார்ச் பட்டால் அதன் கண்
பால் ஊற்றிய கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும்.

எங்கே என்றால்,
அனல்மின் நிலையத்து வெந்நீர் வாய்க்குக் கீழே
என்று ஊரே சொல்லும்.
ஊரே அங்கே நிற்கும், தூண்டில் நூல்கள் சடை பின்னும்.
நான் போவது உப்புத்துறைக்கு.
சுரங்க உப்பை ஏற்றிய கப்பல்கள் திரும்பித் திரும்பி
ஆற்றடியில் ஒரு குழி விழுந்திருக்கிறது.
குழிக்குள் வீசாதே. அதன் உதட்டில் வீசு,
சரளைக்கல் கிடக்கும் இடத்தில்.
ஈயம் தரையைத் தட்டட்டும். இரண்டு எண்ணு.
ஒரு சாண் இழு, மறுபடி விழ விடு.
விழும்போதுதான் எடுக்கும்.

கடி என்பது பெரிய வார்த்தை.
ஈர விரிப்பின் மறுநுனியை
யாரோ பேசாமல் பிடித்துக்கொள்வது மாதிரி.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம்
விரிப்பு மடித்தவள் நான்.
அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்குவேன்.
எட்டு டிகிரியில் பசி.
பத்தில் கரையை நோக்கி நகரும்.
பன்னிரண்டு தாண்டினால் ஆண்மீன் கறுத்துப்போய்
சரளையை வாலால் பெருக்கி
முட்டைக்கு இடம் பண்ணும்.
அதன் பிறகு எதைப் போட்டாலும் கடிக்கும்.
பசியில்லை, வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான்.
காவல்காரனின் கோபத்தில் கொக்கி மாட்டக் கூடாது என்றுதான்
ஏப்ரல் ஒன்று முதல் மே பதினைந்து வரை தடை.
பங்குனியில் பாதி, சித்திரை முழுக்க
என் வீட்டில் ஆற்றுமீன் இல்லை.

மீன்பிடித் தேர்வில் இந்தத் தேதியைத்தான் தப்பாக எழுதினேன்.
பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு வயதுப் பையன்,
அவனுக்கு ஒரு தப்பும் இல்லை.

இனி, நீ போனில் கேட்டது.
மார்ச் முப்பத்தொன்று, இரவு பதினொன்று இருபது.
தண்ணீர் பதினொன்றரை டிகிரி.
கிரேன் ஓட்டும் மிலோராத் பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.
விரிப்பின் மறுநுனி பிடிபட்டது.
இழுத்தேன். ஆறு இழுத்தது. பிறகு இரண்டு பேரும் களைத்தோம்.

வலையில் தூக்கினான், அளந்தான்: எழுபத்தொன்று.
‘இன்னும் முப்பத்தாறு நிமிஷம் சட்டம் உன் பக்கம்’ என்றான்.
வயிறு பானை மாதிரி.
கொக்கியைக் கழற்றத் தாங்கிப் பிடித்தபோது
உள்ளங்கையில் மஞ்சள் ரவை நாலைந்து மணி.

பொய் சொல்ல மாட்டேன்,
முதலில் நினைத்தது புளியையும்
ஃப்ரீசரில் இருக்கும் கறிவேப்பிலையையும்தான்.
கொடுவா மாதிரி வெள்ளைச் சதை, முள் குறைவு.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாளைக்குக் குற்றம், இன்றைக்குக் குழம்பு.

ஆனால் கேள், அளவுக்கு மேல் பெரிய மீனை
சும்மா திரும்ப விடவும் இந்த ஊரில் காரணம் கேட்பார்கள்.
அந்தக் கேள்விக்கு மட்டும் சரியாக எழுதியிருந்தேன்.

கை வழுக்கிவிட்டது.

மிலோராத் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தான்.
‘சோப்புக் கை’ என்றான்.
விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்:
பிடித்தது, பூஜ்யம். காற்று, மேற்கு.
ரவையை எங்கே துடைப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையை விரித்தபடியே நின்றேன்,
பிறகு குனிந்து ஆற்றில் கழுவினேன்.

நீ மே பதினைந்து தாண்டி வா.
தடித்த சாக்ஸ் கொண்டு வா.
அதே உதடு.
குழிக்குள் வீசாதே.